எமகண்டத்தில் சூடாகும் எஞ்சின்

பழைய கார் வாங்கி விற்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தில் நின்று பேசினால் பாதியில் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சற்று முன் சொன்னது சரிதானா என்று திரும்பிப் போய்ப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

எஞ்சினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. இப்போது ஒரு கருவியைச் செருகினால் வண்டி தன் குறைகளைத் தானே சொல்லிவிடுகிறது. நான் சொல்லப் போவது ஒரு புதன்கிழமை காலையைப் பற்றி. எண்பதுகளின் பிற்பாதி. காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் போகும் சாலையில் இருந்த ஒரு ஷெட்டில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் இடம். எனக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. பௌதிகம் படித்திருந்தேன், ஆனால் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தது அதற்காக இல்லை. ஷெட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் குடும்பத்துப் பெண்களும் உள்ளே வந்து வண்டியைப் பார்ப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சின்னக் கார்கள் பழைய வண்டிகளாக எங்களிடம் வரத் தொடங்கின. நீங்கள் ஹேட்ச்பேக் என்று சொல்வது. அதுவரை டிக்கி என்றால் தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இதில் பின்பக்கக் கண்ணாடியோடு சேர்த்துக் கதவே மேலே எழுந்தது. ஊரில் பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை. "மூணு சிலிண்டராமே, ஆட்டோவுக்கு அண்ணனா?" என்று கேட்பார்கள். "அஞ்சு பேரு ஏறுனா நாலு பேரு தள்ளணுமா?" என்பார்கள். ஆனாலும் வாங்கினார்கள். தெருவுக்குள் நுழைந்தது, பெட்ரோல் குறைவாகக் குடித்தது, வீட்டு வாசலில் மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்த முடிந்தது.

முதலில் எங்கள் ஷெட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த மதத்துக் குடும்பமாக இருந்தாலும் வண்டியை எடுத்துப்போகும் நாளை அவர்கள்தான் குறிப்பார்கள். இந்துக் குடும்பங்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் கொண்டுவருவார்கள். கத்தோலிக்கர்கள் சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்த தண்ணீர் தெளிப்பார்கள். பட்டினத்து முஸ்லிம் குடும்பங்கள் துஆ ஓதிவிட்டுச் சாவியைக் கையில் வாங்குவார்கள். எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு. முதல் தடவை சாவியைத் திருப்பினதும் எஞ்சின் பிடித்து வண்டி எடுத்துவிட வேண்டும். இழுத்து இழுத்து எடுத்தால் முகம் சுருங்கிவிடும். ஒருமுறை அப்படி ஆகி, ஒரு குடும்பம் தேங்காயை உடைக்காமலே எடுத்துக்கொண்டு திரும்பிப் போனதாக முதலாளி சொல்வார்.

அதனால் அவர்கள் வருவதற்கு முன் எங்கள் மெக்கானிக் வண்டியை எடுத்து ஓடவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, பானட்டைத் துடைத்து வைப்பார். அதில் யாருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. கல்யாண வீட்டில் விளக்குத் திரியை முன்பே எண்ணெயில் நனைத்து வைப்பது போலத்தான் அதை நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரிச்சிக்குடியிலிருந்து வாத்தியாரும் அவர் மனைவி வசந்தாவும் வந்தார்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய அப்பா குரும்பகரத்தில் விவசாயம். குடும்பமே சேர்ந்து ஒரு வெள்ளைச் சின்னக் காரைப் பார்த்து முடிவு செய்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த வண்டி. கீறல் இல்லை, சீட் உறை புதுசு. மறுநாள் புதன்கிழமை எமகண்டம் கழிந்ததும் நல்ல நேரம் என்று வாத்தியாரின் அப்பா, அந்தப் பெரியவர், குறித்துக்கொடுத்திருந்தார். அன்றைக்கு இவர்கள் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். வாத்தியார் மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருந்தார். வசந்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள்.

"அக்கா, காலையில எடுக்குமாக்கா?"

"எப்ப காலையில?"

"விடியறதுக்கு முன்னாடி. மழை நேரத்துல."

ஏன் என்று கேட்டேன். அவளுடைய பையனுக்கு நாலு வயது, இழுப்பு. பகலெல்லாம் நன்றாக விளையாடுவான். ஐப்பசி வந்துவிட்டால் விடியற்காலையில்தான் மூச்சு இழுக்கத் தொடங்கும். போன மழைக்கு ஒரு நாள் முதல் பஸ்ஸுக்காக ரோட்டில் தூக்கிக்கொண்டு நின்றாளாம். பஸ் வரவில்லை. பால் எடுத்துப்போன ஒருவர் வேட்டியால் போர்த்தி இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவள் குரலை உயர்த்தவில்லை.

"உதடு நீலமாயிருச்சுக்கா. அன்னைக்குத்தான் மாமா வயலை ஒத்திக்கு வச்சாவது கார் வாங்கணும்னாரு. மத்தவங்களுக்குக் கோயிலுக்குப் போவ, கல்யாணத்துக்குப் போவ. எனக்கு அந்த ஒரு நேரத்துக்கு வேணும்."

மெக்கானிக்குக் காது கூர்மை. அங்கிருந்தே, "சாவியப் போட்டதும் எடுக்குங்க. நாளைக்குத்தான் பாக்கப் போறீங்களே" என்றார். வசந்தா என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்து வைத்தேன். பதில் சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவர்கள் போன பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த வெள்ளை வண்டி எடுப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் ஒரே திருப்பலில் எடுத்தது. ஆனால் ஒரு தடவைகூட அது குளிர்ந்து கிடந்து எடுத்ததை நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர் மெக்கானிக் ஒருவர்தான்.

அவரிடமே கேட்டேன். "அண்ணே, காலையில முதல்ல எடுக்கறப்ப எப்படி இருக்கும்?"

"கொஞ்சம் சோம்பலா இருக்கும். அப்புறம் சரியாயிடும். நீங்க எந்திரிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

"எவ்வளவு சோம்பல்?"

"எல்லா வண்டியும் அப்படித்தான்க்கா. மழையில நிக்குது, கடல் காத்து அடிக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து அது அவருக்கு ஒரு குறையாகவே தெரியாமல் போயிருந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறை பழகிப்போவதுதான் அதை மறைப்பதைவிட ஆபத்து.

நான் முதலாளியிடம் போனேன். நாளைக்கு வண்டியைச் சூடாக்க வேண்டாம், நல்ல நேரத்தில் முதல் முதலாக அவர்களே எடுக்கட்டும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா அது அவங்களுக்குத் தெரியணும்ல முதலாளி."

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. நல்ல நேரத்துல செல்ஃப் அடிச்சு வண்டி எடுக்கலன்னா அந்தப் பெரியவரு இந்த வண்டிய மட்டுமா வேணாம்பாரு? காரே நமக்கு ஆவாதுன்னு எந்திரிச்சுப் போயிடுவாரு. அப்புறம் அந்தப் பையனுக்கு எந்தக் காரு? நீ வாங்கிக் குடுப்பியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அவர் பக்கமே நின்று யோசித்தேன். கொஞ்சம் சோம்பல் என்றால் கொஞ்சம்தானே. நான் மெக்கானிக்கா? எனக்கு வேலை போனால் என் குழந்தைக்குப் பால் மாவு யார் வாங்குவது? ஆனால் யோசனை ஒவ்வொரு தடவையும் வசந்தா சொன்ன அந்த ஒரு நேரத்தில் வந்து நின்றது. எங்கள் ஷெட்டில் நாங்கள் எந்த வண்டி பிடிக்கும், என்ன நிறம், எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டோம். எந்த நேரத்துக்கு வண்டி வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. நீங்கள் அதைக் கேளுங்கள். ஒரு குடும்பத்துக்கு எந்த எஞ்சின் சரி என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் கணவருக்கு ஷிப்ட். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட் திறக்கும்போதே போய்விட்டேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. வெள்ளை வண்டியின் பானட்டின்மேல் புறங்கையை வைத்தேன், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல. சில்லென்று இருந்தது. பக்கத்தில் ஒரு நீல வண்டி நின்றது. அதையும் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சில்லென்று இருந்தது.

நீல வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெயிலில் நின்று நிறம் மங்கிப்போயிருந்தது. பின்கதவைத் தூக்கினால் தானாக நிற்காது, தலைமேல் விழும். ஒரு சவுக்குக் குச்சியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். உள்ளூரில் ஒரே வீட்டில் ஓடிய வண்டி என்பது தவிர அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

மெக்கானிக் வழக்கம் போலச் சாவியோடு வந்தார். நான் கதவை மறித்து நின்றேன்.

"இன்னைக்கு வேணாம்ண்ணே."

"அக்கா, விளையாடாதீங்க. அவங்க கிளம்பியிருப்பாங்க."

"எமகண்டம் நடக்குதுண்ணே. இப்ப நீங்க எடுத்தா எமகண்டத்துல எடுத்ததுதானே அது. நல்ல நேரத்துல அவங்க எடுக்கறது ரெண்டாவது தடவை."

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நம்ம இத்தனை வருஷமா அப்படித்தான் செஞ்சிக்கிட்டிருந்தோமா?" என்று அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு என்னிடம், "எடுக்கலன்னா அந்தப் பெரியவருகிட்ட நீதான் பேசணும். நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்றார். சாவி மேஜைக்குப் போனது.

அவர்கள் குடும்பமாக வந்தார்கள். பெரியவர் வெள்ளை வேட்டியில், மடியில் எலுமிச்சம்பழம். அவர் மனைவி தாம்பாளத்தோடு. வாத்தியார், வசந்தா, பையன். பையன் நேராகப் போய் வண்டியின் பின்னால் நின்று கண்ணாடியில் முகம் பார்த்துப் பல்லைக் காட்டினான். கற்பூரம் ஏற்றினார்கள். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து, "ம், எடு" என்றார்.

வாத்தியார் சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது. எடுக்கவில்லை.

மறுபடி. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துவிட்டு மறுபடி. பேட்டரி நன்றாகவே சுற்றியது, எஞ்சின் பிடித்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த தடவை ஒரு குலுக்கலோடு எடுத்தது. சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பி, பின்னால் நின்ற பையன்மேல் போனது. அவன் இருமினான். வசந்தா ஓடிப்போய் அவனைத் தூக்கி முந்தானையால் மூக்கை மூடினாள். அதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது.

பெரியவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "போதும். இறங்கு" என்று மகனிடம் சொன்னார். "நமக்குக் கார் யோகம் இல்ல."

முதலாளி சொன்னது அப்படியே நடந்தது. அவர் தம் சொற்படி வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய்விட்டால் அடுத்த ஐப்பசியில் அந்தப் பெண் மறுபடியும் பஸ்ஸுக்கு நிற்பாள், காரணம் நான். என் இடுப்பில் இருந்த குழந்தை என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"ஐயா," என்றேன். "நல்ல நேரம் இன்னும் இருக்குங்க."

"இருந்து என்னம்மா? சகுனந்தான் சொல்லிருச்சே."

"ஆமாங்க, சொல்லிருச்சு. இந்த வண்டி வேணாம்னு சொல்லிருச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நாங்க சூடு பண்ணி வச்சிருந்தா சொல்லியிருக்காது. நீங்க வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருப்பீங்க. மழையில ஒரு நாள் விடியக்காலம் சொல்லியிருக்கும்." பக்கத்து வண்டியைக் கை காட்டினேன். "அந்த நீல வண்டியையும் காலையிலேருந்து யாரும் தொடலங்க. அது எடுக்குமான்னு எனக்கும் தெரியாது. ஒருக்கா பாருங்க."

எனக்கும் தெரியாது என்று ஒரு விற்பனை இடத்தில் நின்று சொன்னது அன்றைக்குத்தான். சொல்லியிருக்க வேண்டுமா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். தெரியும் என்று சொல்லியிருந்தால் பெரியவர் நின்று கேட்டிருக்க மாட்டார் என்று மட்டும் தோன்றுகிறது.

பெரியவர் அந்த வண்டியைப் பார்த்தார். சவுக்குக் குச்சியைப் பார்த்தார். "இதுக்கு ஊன்றுகோல் வேற குடுத்திருக்கீங்களா" என்றார். அவர் மனைவி சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். வாத்தியார் ஏறி உட்கார்ந்தார்.

முதல் திருப்பலில் எடுக்கவில்லை.

வாத்தியார் சோக்கை இழுத்தார். இரண்டாவது தடவை எடுப்பது போல வந்து அடங்கியது. மூன்றாவது தடவை எடுத்தது. கொஞ்சம் உறுமியது, பிறகு ஒரே சீராக நின்று ஓடியது. வாத்தியார் மெல்ல மெல்லச் சோக்கை உள்ளே தள்ளினார். சத்தம் தணிந்தது, அறுபடவில்லை. நான் பின்னால் போய்ச் சைலன்சரைப் பார்த்தேன். ஈரக் காற்றில் கொஞ்சம் வெண்ணிற ஆவி, அதுவும் கரைந்துவிட்டது. புகை இல்லை.

பெரியவர் அசையவில்லை. "மூணு தடவை ஆயிருச்சு" என்றார்.

அப்போதுதான் வசந்தா பேசினாள். அதுவரை அவள் மாமனார் முன்னால் நேராக நின்று பேசி நான் பார்த்ததில்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மூணு தடவையில எடுத்துச்சு மாமா. எடுத்தது நிக்கல. எனக்கு மூணு தடவை சாவியத் திருப்பற நேரம் இருக்கும். பஸ்ஸுக்கு நிக்கத்தான் நேரம் இருக்காது."

அவர் மருமகளைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு குனிந்து, மடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து நீல வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தார்.

வெள்ளை வண்டியை அன்றைக்கே பிரித்துப் பார்த்தார்கள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து போயிருந்தன. சூடானால் சமாளித்துக்கொண்டு ஓடும், குளிர்ந்தால் அழுத்தம் போதாது. அதைச் சரிசெய்த பிறகே முதலாளி விற்றார். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. நான் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்த முறை ஒரு குடும்பம் வண்டி எடுக்க வந்த காலையில் பார்த்தால் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர்கள் வந்து இறங்கும்வரை அவர் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. அதன் பிறகு எங்கள் ஷெட்டில் வண்டிகள் மூன்று தடவையில் எடுத்தன, நாலு தடவையில் எடுத்தன, சிலது எடுக்கவேயில்லை. சிலர் முகம் சுருங்கித் திரும்பிப் போனார்கள். வியாபாரம் கொஞ்ச காலம் படுத்ததும் உண்மை.

இதையெல்லாம் எழுதும்போது நான் ஏதோ தைரியசாலி போலத் தெரிகிறேன். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நீல வண்டியும் எடுக்காமல் போயிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை வைத்துச் சோதனை செய்ய எனக்கு உரிமை இருந்ததா என்று பல மாதம் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் என் குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சல். விடிந்தும் விடியாமலும் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வாசலுக்குள் ஒரு கார் கோணலாக நின்றது, அவசரத்தில் விட்டுவிட்டுப் போனது போல. பின்கதவு மேலே தூக்கியபடி இருந்தது. அதற்கு ஒரு சவுக்குக் குச்சி முட்டுக்கொடுத்திருந்தது. உள்ளே பின்சீட்டைத் தள்ளி மடக்கி, ஒரு பாயும் தலையணையும் போட்டிருந்தார்கள். படுக்க முடியாத பிள்ளையைச் சாய்த்து உட்காரவைக்க.

நான் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு மழையில் அந்த வண்டியின் முன்பக்கம் போனேன். புறங்கையைப் பானட்டின்மேல் வைத்தேன்.

சூடாக இருந்தது. மழைத்துளிகள் அதன்மேல் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தன. உள்ளே வராந்தாவின் கோடியிலிருந்து ஒரு சின்னப் பையன் இருமும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் வேண்டும் என்று அவன் அழுத்தமாகக் கேட்பதும் கேட்டது.